மூச்சு தெரியாமல்

“படிச்ச பசங்க மூணு மாசம் தாங்க மாட்டாங்க, டீச்சர். வேற வேலை வந்ததும் ஓடிடுவாங்க” என்றார் மேலாளர் சோங்.

பேச்சு தன்னைப் பற்றியது என்று கியூஹோவுக்குப் புரிந்தது. தலைநகரின் பேர்பெற்ற பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்தவன். போன இடமெல்லாம் அனுபவம் கேட்டார்கள். கடைசியில், இறந்தவர்களைக் குளிப்பாட்டி, ஆடை உடுத்திவிட்டு, துணியால் சுற்றிக் கட்டும் இந்தப் பயிற்சியில் சேர்ந்தான். டேகு நகரில் சாவுக்குப் பஞ்சமில்லை. வேலைக்கும் இருக்காது என்று நம்பினான். எழுத்துத் தேர்வில் அவன்தான் முதல்.

இன்று ஈமச்சடங்கு நிறுவனம் ஒன்றிலிருந்து சோங் ஆள் எடுக்க வந்திருந்தார். அறுவடைப் பண்டிகைக்கு ஊருக்குப் போகும்போதாவது அப்பாவிடம் வேலை என்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் அவன் முறை. உடன் படிக்கும் போரா பிணமாகப் படுத்தாள். அவளுக்குச் சணல் ஆடை உடுத்திவிட்டு, சுற்றிய துணியில் முடிச்சுகளை வரிசை மாறாமல் போட்டான். நிஜப் பிணத்தைத் தொட்டதுண்டா என்று சோங் கேட்டார்.

“யாராவது கொடுத்தாத்தானே சார் தொட முடியும்?”

சோங் சிரிக்கவில்லை.

அடுத்து போராவின் முறை. கியூஹோ மேசையில் ஏறிப் படுத்தான்.

“அண்ணே, கூசுதுன்னு நெளிஞ்சிடாதீங்க. என் பொழப்பே போயிடும்” என்று அவள் காதருகே கெஞ்சினாள்.

மரக்கரண்டியால் வாயில் அரிசி இட்டாள். முகத்தைத் துணியால் மூடினாள். மூக்கு அரித்தது. அவன் அசையவில்லை. இவளுக்காவது கிடைக்கட்டும்.

முடிச்சுகள் முடிந்தன. காலடிகள் நெருங்கி வந்து நின்றன.

“இவரை எடுத்துக்கறோம்” என்றார் சோங்.

துணிக்கு அடியில் கியூஹோவின் கண்கள் நிறைந்தன. நன்றி சொல்ல முடியாமல் வாயில் அரிசி.

“நான்தான் சொன்னேனே, நல்லாக் கட்டுவார்னு” என்றார் ஆசிரியை பெருமையாக.

“கட்டுறதுக்கு இந்தப் பொண்ணு வரட்டும். எங்க புது ஆளுங்க கைபழக, தினமும் இப்படிப் படுத்துக்க ஒருத்தர் வேணும். மூச்சு விடறதே தெரியல பாருங்க” என்ற சோங், குனிந்து கேட்டார்: “சம்மதமா, தம்பி?”

பிணம் தலையாட்டியது.