ஒரு வரிப் பூட்டு

மறுபடியும் தட்டினாள்.

அதே பதில்தான். இந்தக் கட்டளை இயங்காது என்று சிவப்பு எழுத்தில்.

ஒரே ஒரு வரி. லேப்டாப் கேமராவுக்குப் போகும் மின்சாரத்தையே நிறுத்திவிடும். ஆபீஸ் மீட்டிங்குக்குத் திறந்துகொள்ளலாம், முடிந்ததும் பூட்டிவிடலாம். தோழி ஜெனிட்டா சொல்லித் தந்தது. இந்த ஊருக்கு வந்த நாள் முதலாய் அவளுக்குக் காவல் தெய்வம் அதுதான்.

காலையில் அப்டேட் போடலாமா என்று கேட்டது. குளிக்கப் போகும் அவசரத்தில் சரி என்று அமுக்கிவிட்டுப் போனாள்.

தன் கையாலேயே.

இப்போது எந்த மீட்டிங்கும் இல்லை. ஆனாலும் கேமரா பக்கத்தில், அது ஓடுகிறது என்று காட்டும் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மனசு கேட்கவில்லை.

லேப்டாப்பை வாங்கித் தந்தவன் குருபரன். கட்டின புருஷன். கம்ப்யூட்டர் வேலைக்காரன். அதற்குள் என்னென்ன வைத்திருக்கிறான் என்று அவனுக்குத்தான் வெளிச்சம். அடி தாங்காமல் ஓடி வந்த அன்று, பிழைப்புக்கு வேண்டுமே என்று அதை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தாள். எந்த ஊரில் இருக்கிறாள் என்று பெற்றவர்களிடம்கூடச் சொல்லவில்லை.

போனில் ஜெனிட்டாவைப் பிடித்தாள்.

"அப்டேட் போட்டியா? அடிப்பாவி, போட்டா அந்தக் கமாண்ட் வேலை செய்யாதுடி. மொதல்ல கேமரா மேல எதையாச்சும் ஒட்டு!"

தேட நேரமில்லை. நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை உரித்தாள். இரண்டாம் முறைதான் அந்தச் சின்ன வட்டத்தின் மேல் சரியாக உட்கார்ந்தது.

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். தன் பயத்தை நினைத்துச் சிரிப்புக்கூட வந்தது.

திரையின் ஓரத்தில் ஒரு மெயில் எட்டிப் பார்த்தது. அனுப்பியவன் குருபரன். ஒரே வரி.

"பொட்டு இல்லாத நெத்தி உனக்கு நல்லாவே இல்ல."

இன்னொரு முறை படித்தாள்.

அப்புறம்தான், அந்தக் கேமராவுக்குத் தன் முதுகுப் பக்கம் என்ன தெரிந்திருக்கும் என்று மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

ஜன்னல் திறந்திருந்தது. எதிரே பேக்கரி. அதன் பலகையில், கடைப் பெயருக்குக் கீழே, முழ உயரத்துக்கு ஊர்ப் பெயர்.