கதிரேசன் பேரில் ஒரு நட்சத்திரம்

"சட்டம் போட்டவரே மதிக்கலைன்னா எப்படிங்க சார்?"

ஜாஹிதா முதலாளி தம்பிதுரையிடம் கேட்டேவிட்டாள்.

கோவை கணபதியில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஆபீஸ். தொண்ணூற்றாறாம் வருஷம். மில்களுக்குச் சம்பள ப்ரோக்ராம் எழுதும் வேலை. ஒரு ஃபைலைத் திருத்த எடுத்தவர், வீட்டுக்குப் போகுமுன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். முடியாதென்றால் இன்னொருவர் அதைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் எல்லோரும் மறந்து தொலைத்தார்கள். அதனால் சீனியர் கதிரேசன் ஒரு ஏற்பாடு செய்தார். திரையில் டைப் அடிக்கக் காத்திருக்கும் வரியில், அவரவர் பேருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். ஃபைல் கையில் இருந்தால் தெரியும், கொடுத்தால் மறையும்.

தம்பிதுரை இரும்பு வார்க்கும் பவுண்டரி நடத்தியவர். கம்ப்யூட்டர் தெரியாது, நட்சத்திரம் தெரியும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒவ்வொரு திரையாக எட்டிப் பார்ப்பார். எல்லாம் சுத்தமாக இருக்கும், கதிரேசன் திரையைத் தவிர.

"ஏப்பா கதிரேசா, இன்னிக்குமா?"

"கொஞ்சம் பாக்கிங்க. முடிச்சுப்போட்டுத்தான் போவேனுங்க."

புதுசாக வந்த ஜாஹிதாவே ஐந்து மணிக்கே கொடுத்துவிட்டு அன்னூர் பஸ்ஸைப் பிடிக்கிறாள். இவருக்கு என்ன கேடு?

"பொள்ளாச்சி மில்லுல போய் உக்காரு. அங்கயே ரிப்பேர் பார்த்துட்டு இரு" என்றார் தம்பிதுரை. கதிரேசன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த நாளும் ஜாஹிதா வழக்கம்போல ஃபைலைக் கொடுக்கும் கட்டளையைத் தட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். மெஷின் ப்ரோக்ராமைச் சோதித்து வாங்கிக்கொள்ள நேரமாகும். அதுவரை பஸ் நிற்குமா?

காலையில் வந்தால், அவள் திரைக்கு முன்னால் தம்பிதுரை. அவள் பேருக்குப் பக்கத்தில் நட்சத்திரம். ப்ரோக்ராமில் தப்பு இருக்கிறது, வாங்க முடியாது என்று மெஷின் சொல்லியிருந்தது.

"தினமும் இப்படித்தானுங்க சார் தட்டிட்டுப் போவேன். காலைல வந்தா நட்சத்திரம் இருக்காதுங்க..."

அவள் திரும்பிக் கதிரேசனின் காலி நாற்காலியைப் பார்த்தாள்.

தம்பிதுரை பொள்ளாச்சிக்குப் போன் போட்டார். "ஏப்பா, உன் நட்சத்திரம் இந்தப் புள்ள பேருக்கு வந்துருச்சே, என்ன கோளாறு?" கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தார்.

"அவன் எழுதுன நட்சத்திரத்துலதான் கோளாறாம். புள்ளைய ஒன்னும் சொல்லிப்போடாதீங்கங்கறான். நீ பயப்படாத அம்மணி, இந்த மாசமே உன்னைப் பர்மனென்ட் பண்ணிப்போடறேன்."

ஜாஹிதா உட்காரவில்லை. கைப்பையை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நான் தப்போட விட்டுட்டுப் போன ஃபைலை அவருதான் தன் பேருக்கு மாத்தித் திருத்தியிருக்காருங்க. இத்தனை நாளா அவரு பேர்ல இருந்தது என் நட்சத்திரமுங்க சார். அவரைத் திருப்பிக் கூப்பிடுங்க, பொள்ளாச்சிக்கு நான் போறேனுங்க."