சூடு ஆறாத துப்பாக்கி

வேங்கிக்கால் ஏரியில் தண்ணீர் வற்றிய தரையில் துப்பாக்கிக் கழகம் நடத்தும், வானில் எறியும் தட்டுகளைச் சுடுகிற போட்டி முடியப்போகிறது. மாலை வெயில் மலையின் ஒரு பக்கத்தை மட்டும் சிவக்க வைத்திருக்கிறது. உடைந்த களிமண் தட்டுகளின் சில்லுகள் காய்ந்து வெடித்த சேற்றில் சிதறிக் கிடக்கின்றன. கீழ்பென்னாத்தூர் விவசாயி தசரதன் சற்றுமுன் தன் கடைசித் தட்டை உடைத்துவிட்டான். கையிலிருக்கும் துப்பாக்கி அவனுடையதல்ல. அவன் கொண்டுவந்தது வேர்க்கடலைக் கொல்லையில் பன்றி சுடுகிற துப்பாக்கி. அதன் குழல்வாய் குறுகல், ஈய ரவை விரியாமல் ஒரே கொத்தாகப் போகும். தூரத்துத் தட்டுகளைக் காலையில் அதனாலேயே உடைத்தான். பக்கத்தில் பறந்தவற்றை வரிசையாகத் தவறவிட்டான். அப்போது, கோப்பைக்கு அவனோடு மோதுகிற வக்கீல் ஆதிலட்சுமியே தன்னுடையதை நீட்டினார். "இதுக்கு வாய் அகலம், ரவை நல்லா விரியும். வச்சுக்க." இப்போது தசரதன் அதை மடக்கித் திறக்கிறான். காலித் தோட்டா புகையோடு கீழே விழுகிறது. குழல் காலி என்று எல்லோருக்கும் தெரியும்படி, திறந்தபடியே இரண்டு கைகளாலும் கொடுக்கிறான். இரும்பு இன்னும் சுடுகிறது.

"இது இல்லன்னா அப்பவே தோத்துட்டிருப்பேங்கம்மா."

"அதெல்லாம் அப்புறம். எனக்கு ஒரு தட்டு பாக்கி இருக்கு, தள்ளி நில்லு."

அவர் தவறவிட்டால் கோப்பை தசரதனுக்கு. ஆதிலட்சுமி புதுத் தோட்டா போட்டு மூடி, துப்பாக்கியைத் தோளில் பதித்து, "விடு!" என்கிறார். தட்டு சீறி எழுகிறது. 'உடையணும், உடையணும்' என்று தசரதனின் உதடுகள் முணுமுணுக்கின்றன.