வால் வைத்த காவல்காரி

கற்பனைப் பாத்திரங்கள் வரையும் வகுப்பில் சேர்ந்தபோது தையல்காரிக்கு நாற்பத்தாறு வயது. முதல் மாதமே ஒரு கோட்டைக் காவல்காரியை வரைந்து, அவளுக்கு நீளமாக வாலும் வைத்தாள்.

"மனுஷ உடம்புக்கு வால் எதுக்கும்மா? முதல்ல அடிப்படையைக் கத்துக்குங்க. அழிச்சிடுங்க" என்றார் ஆசிரியர்.

வீட்டுக்குப் போய் அழித்தாள். மறுநாள் காலையில் வால் இருந்தது. மூன்று முறை அழித்தாள். மூன்று முறையும் வந்துவிட்டது. நாலாம் நாள் ரப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு, வாலுக்கு அளவெடுத்து ஒரு கவசம் வரைந்தாள்.

அடுத்த வகுப்பில் ஆசிரியருக்கு முகம் சிவந்தது. "சொன்னா கேக்க மாட்டீங்களா?"

"மாட்டேன் சார். அவ விடமாட்டேங்கிறா. நானும் விடப்போறதில்லை."

ஆசிரியர் தானே ரப்பரை எடுத்துக்கொண்டு குனிந்தார். வால் மெல்ல நகர்ந்து தாளின் மறு ஓரத்தில் சுருண்டுகொண்டது. அவர் ரப்பரைக் கீழே வைக்கும்வரை அங்கேயே இருந்தது.