ஓடாத கார்

"நிண்ட இடத்தில நிக்கிற காருக்குக் கிழமைக்குக் கிழமை என்னண்டம்மா பெற்றோல் அடிபடுது?"

கொழும்பிலிருந்து பதுளை வீட்டுக்கு வந்து இறங்கிய கையோடு, கேசினி கைபேசியை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். பெற்றோலுக்குப் பங்கீடு வந்திருந்த காலம் அது. கியூஆர் அட்டையைக் காட்டி அடித்தால் பதிந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி போய்விடும். காரைப் பதிந்தது கேசினியின் எண்ணில்.

"அட்டை மேசையிலதானே கிடக்குது, பிள்ளை," என்றாள் இராசமணி, கீரையைக் கிள்ளிக்கொண்டே. ஓய்வு பெற்ற ஆசிரியை அவள்.

"நீங்கள் சைக்கிள்கூட ஓடத் தெரியாத ஆள். அப்பா செத்த பிறகு அந்த ஷெட் திறந்ததே இல்லை. அப்ப ஆர் அடிக்கிறது?"

பக்கத்து வீட்டு ஓட்டோக்காரர் முஸ்தாக் அந்நேரம் பார்த்தா பலாக்காயோடு வந்து நிற்கவேண்டும்!

"முஸ்தாக் அண்ணன், எங்கட கியூஆரில நீங்களோ பெற்றோல் அடிச்சனீங்கள்?"

முஸ்தாக் இராசமணியைப் பார்த்தார். இராசமணி கீரையைப் பார்த்தாள்.

"ஓம் தங்கச்சி, நான்தான். குறை நினைக்காதீங்க."

பாவம் மனுஷன். கேசினி அவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். பலாக்காயை வைத்துவிட்டு அவர் போய்விட்டார்.

"இனி இது சரிவராது. லுணுகலைச் சிறுவர் இல்லத்துக்குக் காரைக் குடுக்கப் போறன். தாய் தேப்பன் இல்லாத தோட்டத்துப் பிள்ளையள். ஆஸ்பத்திரிக்குப் போக அவையளுக்குச் சொந்தமா ஒரு வாகனம் இல்லையாம். நாளைக்கு வருவினம்."

இராசமணியின் கை நின்றுவிட்டது.

"லுணுகலைக்கோ? அங்க... ஓட ஆள் வேணுமே, பிள்ளை."

"அது அவையின்ர பாடு. அப்பான்ர காரைக் குடுக்க உங்களுக்கு மனமில்லை, அப்பிடித்தானே?"

"அந்தக் காரும் போனா, நான் இந்த வீட்டுக்குள்ள என்ன செய்யிறது?"

இராசமணியின் கண் கலங்கியது. அப்பாவின் நினைவு அம்மாவை வாட்டுகிறது என்று கேசினி நினைத்தாள். ஆனாலும் முடிவை மாற்றவில்லை.

மறுநாள் இல்லத்துப் பொறுப்பாளர் ஜீவராணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவள் கேற்றைத் திறக்கும்போதே இராசமணி அடுப்பைப் பார்க்கப்போகிறவள்போல் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஷெட்டுக்குள் காரைக் கண்டதும் ஜீவராணியின் முகம் சுருங்கிப்போயிற்று.

"பழசுதான். ஆனால் நல்லா ஓடும்," என்றாள் கேசினி, மனம் நொந்து.

"ஓடும்னு தெரியுங்க. ஆனா இந்தக் காரு எங்களுக்கு வேணாங்க மிஸ்."

"ஏன்?"

ஜீவராணி நம்பர் பிளேட்டை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பினாள். குசினிக் கதவு இலேசாகத் திறந்து, சட்டென்று மூடிக்கொண்டது. அவள் சிரித்துவிட்டாள்.

"புதன்கிழமையானா பசற மலை வளைவெல்லாம் ஏறி எறங்கி எங்க புள்ளைங்கள கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறதே இந்தக் காருதாங்க. வெறும் கார வச்சு நாங்க என்ன பண்றது? முஸ்தாக் அண்ணன்கிட்ட ஓடப் பழகி, இந்த வயசுல லைசென்சும் எடுத்துட்டு, இப்ப உங்களுக்குப் பயந்து குசினிக்குள்ள ஒளிஞ்சிருக்காங்களே எங்க டீச்சரம்மா, அவங்களையும் சேத்துக் குடுங்க!"