மருதமரத்தில் செதுக்கிய எட்டிப்பழம்

கிட்ட வந்து குந்துங்க, இது வயிறெரிஞ்சு சொல்ற கதை.

ஒரு காட்டில் எதைத் தின்னலாம் என்று மரங்கொத்திதான் மருதமரத்துப் பட்டையில் செதுக்கி வைக்கும். குட்டிகளெல்லாம் அதைப் பார்த்துத்தான் மேயும். அதில் எட்டிப்பழமும் இருந்தது. அதை நம்பித் தின்ற மான்குட்டி ஒன்று, நாலு காலும் வெட்டி இழுத்துக் கிடந்தது.

தாய்மான் ஒரு எட்டிப்பழத்தைக் கவ்விக்கொண்டு ஓடி வந்து மருதமரத்தடியில் போட்டது.

“யார் சொன்னாங்கன்னு இதைச் செதுக்கினே?”

“இதைத் தின்னலாம்னு மைனா தினமும் தன் புதரில் உட்கார்ந்து அழகா எடுத்துச் சொல்லுதே, அக்கா. கிளிகளும் அதையேதான் சொல்லுச்சு,” என்றது மரங்கொத்தி.

மான் மரத்துக் கிளையிலிருந்த கிளிகளை அண்ணாந்து பார்த்தது. “நீங்க தின்னு பார்த்தீங்களா?”

“ஐயோ, இல்ல. மைனா சொல்லுச்சு, நாங்க சொன்னோம்.”

மானுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பழத்தைப் பக்கத்துப் புதரில் இருந்த மைனா முன்னால் உருட்டிவிட்டது. “தின்னுடி.”

“நானா? என் புதர், என் பேச்சு. உன் பிள்ளையை நானா கூப்பிட்டேன்?” என்று மைனா பறந்தே போனது.

“பேச்சு அவ்வளவு நல்லா இருந்துச்சே!” என்று இழுத்தது மரங்கொத்தி.

“என் பிள்ளை அங்க சாகக் கிடக்கு. உனக்குப் பேச்சு நல்லா இருந்துச்சா?”

அதற்குள் ஒரு முயல்குட்டி வந்து பட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றது. மான் அதை ஒதுக்கித் தள்ளியது. செதுக்கிய இடத்தைப் பல்லால் கவ்வி, மரம் வெள்ளையாகத் தெரியும்வரை உரித்துப் போட்டது.