தாய்க்குத் திறக்காத கதவு

கணினிப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு, பச்சிளங்குழந்தை வார்டின் தலைமைச் செவிலியர் எஸ்தர் ராணி எழுதுவது.

நேற்றுக் காலை பத்து மணிக்கு, மருத்துவமனையை நடத்தும் உங்கள் கணினிச் சேவைகள், இங்கே பிள்ளை பெற்ற பூங்கோதையை வீட்டுக்கு அனுப்பிவிட்டன. அவள் உடம்பு தேறிவிட்டது, சரிதான். ஆனால் அவளுடைய எட்டு நாள் குழந்தை இன்னும் எங்கள் இன்குபேட்டரில் இருக்கிறது. இன்று காலை பால் கொடுக்க வந்தவளை, கணினி திறந்துவிடும் எங்கள் வார்டுக் கதவு உள்ளே விடவில்லை. அவள் இப்போது நோயாளி இல்லையாம், பார்வையாளராம். பார்வை நேரம் மாலை நாலு மணியாம்.

உங்கள் பொறியாளர் நவநீதனைக் கூப்பிட்டேன்.

"அம்மாவுக்கு ஒரு சேவை, குழந்தைக்கு ஒரு சேவை, சிஸ்டர். ரெண்டும் தனித்தனியா, சரியாத்தான் ஓடுது" என்றார்.

"புள்ள பசிச்சு அழுவுறது எந்தச் சேவையில வருது தம்பி?" என்றேன்.

"எழுதிக் குடுங்க, சேர்த்துடலாம். வரிசைப்படி ஆறு மாசம் ஆகும்."

ஆறு மாதத்தில் அந்தக் குழந்தை சோறு தின்னும்.

ஆகையால் இன்று முதல் உள்ளே யார் வரலாம் என்பதை வார்டு சொல்லும். அதற்கேற்ற சேவையை நீங்கள் உருவாக்குங்கள். அதுவரை கதவு மூடாதபடி என் நாற்காலியைக் குறுக்கே போட்டிருக்கிறேன். அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பூங்கோதை உள்ளே பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.